படுகளத்துப் பிரம்பு

ராஜப்பன் வாத்தியாரின் மேல்துண்டு தெருமுனையில் தெரிந்தாலே போதும், தீர்த்தம்மாளுக்கு அடிவயிறு காந்தும். வயிற்றெரிச்சல் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அது இல்லை இது. நிஜமாகவே எரியும். ஒரு சொம்பு நீர்மோர் குடித்தாலும் அடங்காது. புங்கங்கொட்டாயில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காரணமும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

தீர்த்தம்மாள் இந்த ஊரில் பிறந்தவள். இண்டூர்ச் சந்தைக்கு நடந்தே போய் வரலாம். ராகியும் துவரையும், கொட்டமுத்து என்கிற ஆமணக்கும் விளைகிற ஊர். அவளைக் கட்டிக்கொண்ட குப்புராஜ், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போகும் சின்ன ரயிலில் பாயிண்ட்ஸ்மேன். அந்த உத்தியோகத்தால் அவள் தருமபுரியில் குடியிருந்தாள். அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாலர் வகுப்புக்கு ஆயா வேலையும் பார்த்தாள். மூக்குச் சிந்திவிடுவது, தரை கூட்டுவது, களிமண் பிசைந்து கொடுப்பது. அந்த வகுப்பு டீச்சரம்மா எடுத்ததும் எழுதச் சொல்ல மாட்டார். முதலில் சத்தம். சத்தம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகப் பிடிபட்ட பிறகு அதற்கு ஒரு உருவம், மண்ணில் உருட்டி, விதை பதித்து. களிமண் பிசைந்து கொடுத்தபடியே தீர்த்தம்மாளும் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அவள் இடுப்பில் இருந்த மகள் சாலம்மாளும் கற்றுக்கொண்டாள்.

யுத்தம் வந்தது. சின்ன ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் இல்லாத ஊரில் பாயிண்ட்ஸ்மேனுக்கு என்ன வேலை? குப்புராஜ் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினான். தீர்த்தம்மாளின் அண்ணன் மாது வண்டி கட்டிக்கொண்டு வந்து, தங்கச்சியையும் மருமகளையும் ஊருக்கு அழைத்துப் போனான்.

சாலாவுக்கு அப்போது ஐந்து வயது. வாயாடி என்றால் சாதாரண வாயாடி இல்லை. கோழியோடு பேசுவாள், உரலோடு பேசுவாள், பேச ஆள் கிடைக்காவிட்டால் தன் கட்டைவிரலோடு சண்டை போடுவாள். விஜயதசமியன்று அவளைக் குளிப்பாட்டி, தலைசீவி, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ராஜப்பன் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள் தீர்த்தம்மாள். முதல் நாள் பூஜையில் வாத்தியாரின் பிரம்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தப் பிரம்புக்கு ‘வாணி’ என்று பெயர். விளக்கெண்ணெய் தடவித் தடவிப் பளபளவென்று வைத்திருப்பார். பெண்டாட்டி தலைக்கு அவ்வளவு எண்ணெய் வாங்கிக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றால் கத்துவது. பெரிய பிள்ளை ஒன்று சொல்ல, மற்றதெல்லாம் கூடச் சேர்ந்து கத்தும். கத்திக்கொண்டே மணலில் விரலால் தேய்க்கும். புதுப்பிள்ளையை ஆழம் பார்க்கலாம் என்று ராஜப்பன் மணலில் ‘ச’ எழுதி, இது என்ன என்று சாலாவைக் கேட்டார். அவளுக்கு ஒரே குஷி. தெரிந்ததையே கேட்கிறாரே! தருமபுரியில் ‘ச’ என்றால் பாம்பு. உள்ளங்கையைப் படமாக விரித்து, தலையை ஆட்டி, வாத்தியாரின் முகத்துக்கு நேரே “ஸ்ஸ்ஸ்” என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நிற்பதற்குள் வாணி அவள் வாய்மேல் விழுந்தது. மேலுதடு கிழிந்து, பால்பல் ஒன்று மணலில் போய் விழுந்தது. அதோடு விட்டாரா? அதே மணலில் அந்த எழுத்தை விரல்நுனித் தோல் உரியும்வரை தேய்க்க வைத்தார். குழந்தை வீடு வந்தபோது ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டதில் உதடு ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு சாலாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. பேச்சை விடுங்கள், அழும்போதுகூடக் கண்ணீர் மட்டும் வந்தது.

தீர்த்தம்மாள் பொறுத்துப் பார்த்தாள். மந்திரித்துப் பார்த்தாள். பிறகு மண்டபத்துக்குப் போனாள். அந்த நேரத்துக்கு அங்கே ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“புள்ள பேசவே மாட்டேங்குதுங்க,” என்றாள்.

ராஜப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “பொட்டப்புள்ள பேசலைன்னா நல்லதுதானே? கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவன்,” என்றார்.

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது. நகைச்சுவை ஒன்று வந்தது, சிரித்தார்கள், அவ்வளவுதான். தீர்த்தம்மாள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

“உங்க மண்டபத்துல இனிமேட்டுக் காக்கா கூடக் குந்தாதுங்க வாத்தியாரே. குந்த வுடமாட்டேன்,” என்றாள். ‘ங்க’ போட்டுத்தான் சொன்னாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் வைக்கவில்லை.

அவள் திரும்பி நடந்தபோது, பாஞ்சாலி கணக்காகச் சபதம் போட்டிருக்கிறாள், இனி கொண்டையை முடிய மாட்டாள் என்று பின்னால் ஒருத்தர் கிண்டல் செய்தார். தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போய்க் கொண்டையை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டாள். கண்ணில் முடி விழுந்தால் காரியம் எப்படி ஆகும்?

அண்ணனின் மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தைக் கூட்டிச் சாணம் தெளித்து மெழுகினாள். மாதுவுக்கு உள்ளூரப் பயம். வாத்தியாரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்க முடியுமா என்று கேட்டான். இருந்து காட்டுகிறேன் என்றாள்.

பிள்ளை பிடிக்க அவள் வீடு வீடாகப் போகவில்லை. ராஜப்பனுக்குப் பயந்து துவரங்காட்டில் ஒளிந்து கிடக்கிற பிள்ளைகள் எங்கே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அந்தக் காட்டில் ஒளிந்து வளர்ந்தவள்தான். பனையோலைக் காற்றாடி ஒன்று செய்து, சாலாவின் கையில் கொடுத்துத் துவரங்காட்டு வரப்பில் ஓடவிட்டாள். அது “ர்ர்ர்” என்று சுற்றியது. சாலா பேசாவிட்டால் என்ன, காற்றாடி பேசியதே. பின்னாலேயே பிள்ளைகள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே படிப்பு என்ற பேச்சே இல்லை. புளியங்கொட்டையை உதட்டில் வைத்து “ப்” என்று யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. வாய் மூடிய பசுவாக “ம்ம்ம்”. அடுப்பு ஊதுகிற “ஊஊ”. நாக்கால் மேல்வாயைத் தட்டி “ட்”. கோயில் மணியை அடித்துவிட்டுக் காது வைத்துக் கேட்டால் கடைசியில் மிஞ்சுகிற “ங்”. மேட்டுக்காட்டிலிருந்து கீழ்க்காட்டுக்குக் கூப்பிடுகிற “ஓஓ”. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சத்தம் சொந்தம். அந்தப் பிள்ளைக்குப் பெயரும் அதுதான். பிறகு ஏரி மண்ணைப் பிசைந்து தன் சத்தத்துக்குத் தானே உருவம் செய்து, கொட்டமுத்து பதித்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த எழுத்துகளைக் கொட்டகைச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது இன்னார் எழுத்து என்று சொல்லும் விளையாட்டுக்கு அடிபிடிச் சண்டை.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது வரிசை விளையாட்டு. தீர்த்தம்மாள் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவாள். அந்தப் பெயரில் யார் யார் சத்தம் இருக்கிறதோ அவர்கள் ஓடிவந்து வரிசையில் நின்று அவரவர் சத்தத்தைப் போட வேண்டும். ம்-ஆ-ட்-உ. சத்தங்கள் ஒட்டிக்கொண்டு மாடு வந்து நிற்கும்போது பிள்ளைகளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சாலாவின் சத்தம் பாம்பு. அதை வேறு பிள்ளைக்குக் கொடுக்கத் தீர்த்தம்மாளுக்கு மனம் வரவில்லை. சட்டியைத் தூக்கிக் காட்டினால் சாலா ஓடிவந்து முதல் ஆளாக நிற்பாள். உள்ளங்கையைப் படமாக விரிப்பாள். வாய் திறக்காது. மற்றவர்கள் காத்திருப்பார்கள். கடைசியில் அடுத்த பிள்ளை தன் சத்தத்தைப் போட, தலையில்லாத சட்டி ஒன்று வரும். சேவல், சாமை, சந்தை எல்லாமே அந்தக் கொட்டகையில் தலையில்லாமல்தான் நடமாடின. ஒவ்வொரு தடவையும் ராஜப்பனின் முகம் தீர்த்தம்மாளின் கண்முன் வரும். மகளின் சத்தம் திரும்ப வேண்டும், அந்த ஆள் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும். இதில் எது முதலில் வேண்டும் என்று சாமி வந்து கேட்டிருந்தால் அவளுக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

தை மாதத்துக்குள் மண்டபம் பாதி காலி. ராஜப்பன் ஊர்க்கவுண்டர் மாதப்பனிடம் முறையிட்டார். பிள்ளைகளை மாடாகவும் பாம்பாகவும் கத்த வைத்துக் கெடுக்கிறாள், சரசுவதி இந்த ஊரைவிட்டே போய்விடுவாள் என்றார். மாதப்பக் கவுண்டரும் அன்று மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருவர். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கொட்டகைக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். கொட்டகையில் இருந்த அவர் பேத்தியே வீட்டுக்கு ஓடிப்போய்ப் பித்தளைச் சொம்பில் கொண்டுவந்தது. வந்த வேகத்தில், அதில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு, “கு… ள்… ள…” என்று ஒவ்வொரு சத்தமாக ஒட்டிப் பார்த்து, ‘குள்ளம்மாள்’ என்றது. கவுண்டரின் தாய் பெயர். சீர்ச்சொம்பில் இருந்த பெயரை அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருத்தரும் படித்ததில்லை. கவுண்டர் தண்ணீர் குடிக்க மறந்துபோய்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அதோடு மண்டபத்தின் மீதிப் பாதியும் காலி.

ஊருக்கே தெரியாமல் கடைசியாக வந்தது செல்லம். ராஜப்பனின் மகன் வயிற்றுப் பேத்தி, ஐந்து வயது. அவளுடைய அம்மா மாமனாருக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்து விட்டாள். மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். தீர்த்தம்மாளுக்கு அன்று ராத்திரி சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது. எதிரியின் பேத்தி அவளுடைய மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து புளியங்கொட்டை துப்புகிறது! இதைவிட இனிப்பு எங்கே கிடைக்கும்? ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. மண்டபம் காலியானதில் ராஜப்பனுக்கு வருத்தம்தானே ஒழிய வெட்கம் இல்லை. காலம் கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்துதான் நடந்தார். காரணம், அவருக்கு இன்னொரு பெருமை மிச்சமிருந்தது. வைகாசியில் திரௌபதியம்மன் திருவிழா வந்தால், மேடையில் உட்கார்ந்து பாரதம் படிக்கிறவர் அவர்தான்.

திருவிழாவின் கடைசியில் படுகளம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் நிலத்து மண் ஒரு கூடை கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதைக் குழைத்துக் கோயில் திடலில் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். கால்மாட்டில் நிற்கிறவனுக்குத் தலைமாட்டில் நிற்கிறவன் சின்னதாகத் தெரிகிற அளவுக்குப் பெரிய உருவம். காலையில் வாத்தியார் படிப்பார், கூத்தாடிகள் வேஷம் கட்டி ஆடுவார்கள், பீமன் வேஷக்காரன் தொடையில் ஓங்கி அடிப்பான், உள்ளே புதைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பாயும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அப்புறம் ஊரே பாய்ந்து துரியோதனனைப் பிய்த்து, ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டு போகும். அந்த மண்ணைக் குதிரிலும் விதையிலும் கலந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. படுகளத்தில் போட்டது எதுவானாலும் போட்டவர் திரும்பக் கேட்கக்கூடாது, எடுத்தவருக்குத்தான் சொந்தம்.

மண் உருவம் செய்கிற குயவர் சின்னக்கண்ணுவுக்கு அந்த வருஷம் முழங்கை வீக்கம். கொட்டகைப் பிள்ளைகள்தான் மண்ணில் கைதேர்ந்ததுகளாச்சே, விரலும் நகையும் அதுகள் செய்யட்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு காதுக்குக் கடுக்கன், கழுத்துக்குக் காசுமாலை, மீசைக்கு வைக்கோல் என்று வேலை செய்தார்கள். சாலா ஒருத்தி மட்டும் வலது கைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தாள். சாயங்காலம் தீர்த்தம்மாள் போய்க் குனிந்து பார்த்தாள். ஆள்காட்டிவிரல் நடுக்கணுவில் வளைந்திருந்தது. மோதிரவிரல் நகம் பாதி இல்லை. பெருவிரலின் அடியில் ஒரு மரு. அது துரியோதனனின் கை இல்லை. ராஜப்பனின் கை. அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிள்ளைக்கல்லவா அது தெரியும்?

அந்தக் கையில் கதாயுதம் வைப்பதற்காக ஒரு குழி விட்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் அந்தக் குழியைப் பார்த்தாள். அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. மறுநாள் விடிந்ததும், வாத்தியார் குளிக்க ஏரிக்குப் போன நேரம் பார்த்து மண்டபத்துக்குப் போனாள். பிள்ளைகள் இல்லாத மண்டபத்தில் வாணி உத்தரத்தில் செருகியபடி இருந்தது. எண்ணெய் மட்டும் தவறவில்லை. அதை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து அந்தக் கையில் நட்டாள். சின்னக்கண்ணு பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். அவர் மகனும் மண்டபத்தில் படித்தவன்தான்.

கூட்டம் கூடியது. இண்டூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ராஜப்பன் பட்டை நாமமும் ஜரிகைத் துண்டுமாக மேடையேறி, ஏட்டைப் பிரித்துக் கணீரென்று ஆரம்பித்தார். துரியோதனனின் அக்கிரமங்களை ஒவ்வொன்றாகப் படித்துவந்தவர், கூட்டத்தில் ஓடிய சலசலப்பைக் கேட்டு நிமிர்ந்தார். ஜனங்கள் அவரைப் பார்க்கவில்லை. மண் கையைப் பார்த்தார்கள், பிறகு அவர் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வாணி வெயிலில் மின்னியது.

இறங்கிப் போய் எடுக்க முடியுமா? படுகளத்தில் கிடப்பதை என்னுடையது என்று கேட்டால், படுத்துக் கிடக்கிறவன் நான் என்று சொன்ன கணக்கு. கேட்காமல் இருந்தால் வாணி போச்சு. பாதியில் படிப்பை நிறுத்தினாலோ அம்மன் குற்றம். ராஜப்பன் படித்தார். தொடை பிளக்கிற இடம் வர வரக் குரல் உள்ளே போயிற்று. ஏட்டைப் பிடித்த கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்தார். வாத்தியாரிடம் முதல்முதலாகப் படித்து, அவர் அடித்த அடியில் காது கேளாமல் போன மனிதர். “வாத்தியாரே, சத்தமாப் படிங்க. காதுல வுழல,” என்றார்.

அது வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்கிற வாசகம். அதைச் சொன்ன பிறகுதான் பிரம்பு விழும். திடல் முழுக்கச் சிரித்தது. அன்று மண்டபத்தில் தீர்த்தம்மாளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள், அதே லேசான சிரிப்பு. இந்த முறை அது யார்மேல் விழுகிறது என்று அவள் நின்று பார்த்தாள். அவ்வளவு நாள் காந்திய வயிற்றில் பன்னீர் தெளித்த சுகம். பீமன் ஓங்கி அடித்தான். குங்குமத் தண்ணீர் பீய்ச்சியது. பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து அந்த வலது கையைத்தான் முதலில் மிதித்தார்கள். சாலாவும் மிதித்தாள். மிதித்து முடித்துவிட்டு, கூழாகக் கிடந்த மண்ணிலிருந்து வாணியை உருவி எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மாக்காரி ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு பெருமையாகப் பின்னால் போனாள்.

திருவிழாக் களைப்பெல்லாம் தீர்ந்து கொட்டகை திரும்ப ஆரம்பித்த நாள். தீர்த்தம்மாள் வீட்டுக்குள் களிக்கு உலை வைத்துவிட்டு மாவை அளந்துகொண்டிருந்தாள். கொட்டகைப்பக்கம் எப்போதும் இருக்கிற இரைச்சல் திடீரென்று நின்றது. ஒரு குரல் கேட்டது.

“கையை நீட்டு.”

நிதானமான, வெற்றிலைக் குதப்பலோடு வருகிற, இழுத்துப் பேசுகிற குரல். ராஜப்பன் வந்துவிட்டான் என்று நினைத்து, மாவுக்கையோடு ஓடினாள்.

ராஜப்பன் இல்லை. மாட்டுத் தீனித் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டிருந்தாள் சாலா. கையில் வாணி. அவள் எதிரே செல்லம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

தன் மகள் பேசிவிட்டாள். தீர்த்தம்மாளின் உயிரே துள்ளியது. அந்தத் துள்ளலோடு சேர்ந்து இன்னொன்றும் எழுந்தது. அடிக்கட்டும். அவன் பேத்தியின் உள்ளங்கையில் அவன் பிரம்பாலேயே என் மகள் அடிக்கட்டும். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நிஜமாகவே நின்றாள், அதை மறைப்பானேன்?

அப்போதுதான் செல்லத்தின் இன்னொரு கையைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டியிருந்த அந்தக் குழந்தை, மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. இந்தக் கொட்டகையில் யாரும் அதற்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு வாயைப் பொத்த வேண்டும் என்று வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

தீர்த்தம்மாளுக்குக் காந்தியது. இது வேறு எரிச்சல். படுகளத்திலிருந்து மண்ணை வீட்டுக்கு எதற்குக் கொண்டுவருகிறோம்? பெருகட்டும் என்று. மண்ணோடு அந்தப் பிரம்பும் வீட்டுக்குள் வந்தபோது அவள் அல்லவா பெருமைப்பட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்?

போய்ச் செல்லத்தை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். மாவு ஒட்டிய தன் கையை நீட்டினாள்.

“எங் கையில அடி, கண்ணு,” என்றாள்.

சாலா அடித்தாள். ஓங்கித்தான் அடித்தாள். மாவு பறந்தது. பிறகு பிரம்பின் நுனியால் சுவரில் சாத்தியிருந்த எழுத்து ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். கொட்டமுத்து பதித்த ‘ச’. அவளே செய்தது.

“சொல்லு. சரியாச் சொல்லு,” என்றாள், அதே இழுத்த குரலில்.

என்ன பதில் என்று தீர்த்தம்மாளுக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்றும் தெரியும். உள்ளங்கையைப் படமாக விரித்தாள். தலையை ஆட்டினாள். மகளின் முகத்துக்கு நேரே “ஸ்ஸ்ஸ்” என்றாள்.

பிரம்பு அவள் வாய்மேல் விழுந்தது.

அவள் அசையவில்லை. வாயைப் பொத்தவும் இல்லை. ரத்தம் மோவாயில் இறங்கிச் சேலையில் சொட்டியது. சாலா அதையே பார்த்தாள். கிழிந்த உதட்டைப் பார்த்தாள், சொட்டைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். பிரம்பு தொட்டிக்குள் விழுந்தது. அவள் இறங்கி வந்து, எக்கி நின்று, தோல் உரிந்து ஆறிய அந்த விரல்நுனியால் அம்மாவின் உதட்டைத் தொட்டாள். அடுத்தவர் காயத்தைத் தொட்டுப் பார்க்கிற எவரும் தன்னை அறியாமல் பல்லிடுக்கில் காற்றை இழுப்பார்களே, அப்படி இழுத்தாள்.

“ஸ்ஸ்ஸ்…”

பிறகு அடுப்பு ஊதுகிற மாதிரி காயத்தின்மேல் “ஊஊ” என்று ஊதினாள்.

“நோவுதாம்மா?” என்றாள். இது அவளுடைய சொந்தக் குரல். கீச்சுக்குரல்.

தீர்த்தம்மாள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். அழுது முடித்ததும் வாணியை முழங்காலில் வைத்து ஒடித்து, எண்ணெய் ஊறிய துண்டுகளை உலை அடுப்பில் செருகினாள். ஒரு கையில் செல்லத்தையும் இன்னொரு கையில் சாலாவையும் பிடித்துக்கொண்டு, ரத்தத்தைத் துடைக்காமல் தெரு நடுவே நடந்து ராஜப்பனின் வாசலில் போய் நின்றாள். மன்னித்துவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குத் தீர்த்தம்மாளைத் தெரியாது.

ராஜப்பன் வெளியே வந்தார். தன் பேத்தி யார் கையைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் தீர்த்தம்மாளின் கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

“இது உங்க பிரம்பு அடிச்சதுங்க வாத்தியாரே,” என்றாள் தீர்த்தம்மாள். “எம் மவ கையில எந்திரிச்சு அடிச்சிருச்சு. உங்க பேத்திக்குன்னு ஓங்குனது, நான் வாங்கிக்கிட்டேன். இனி இந்தப் புள்ள பொழுதோட பள்ளிக்கோடம் வரும். வாயைப் பொத்திக்கிட்டு வந்துச்சுன்னா, நான் ஊரையே கூட்டிக்கிட்டு இங்க வருவேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாலா அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். உள்ளங்கையை மெதுவாக விரித்துப் படமெடுத்து, வாத்தியாரின் முகத்துக்கு நேரே நீட்டி, வாய் நிறையச் சீறினாள். மூச்சு தீரும்வரை சீறினாள்.

ராஜப்பன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். பழக்கதோஷத்தில் அவருடைய வலது கை பக்கவாட்டில் பிரம்பைத் தேடித் துழாவியது. வளைந்த விரல் வெறும் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தது. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“வா கண்ணு, உலை காஞ்சிருக்கும்,” என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனாள்.